காரணம் உள்ளவர்களுக்குத் தாளில் இடமில்லை

“நீர் தோட்டத்துப் பிள்ளை. உம்மால தள்ளி நிண்டு பாக்கேலாது. அழுகிற ஆளோட சேர்ந்து நீரும் அழுதுகொண்டு வந்து நிப்பீர்.”

ஆய்வுக்கு மாணவர்களைத் தெரிவு செய்த அன்று எங்கள் விரிவுரையாளர் எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் சொன்னது இது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்த பெண்மணி. படிப்பில் அவரோடு ஒருவரும் நிற்க முடியாது. நான் மறுத்துப் பேசவில்லை. ‘செய்து காட்டுகிறேன் பாருங்கள்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். செய்தும் காட்டினேன். அதனால் ஒரு பெண் எங்கே கொண்டுபோய் நிறுத்தப்பட்டாள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். ஆனால் இந்த வேலைக்கு அடுத்த மாணவர் கூட்டம் வரப்போகிறது. எனக்கு நரைக்கும் வரை நீங்கள் காத்திருந்தால் அதே பிழையை நீங்களும் செய்துவிட்டிருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில், ஆறு பேர் படுக்கும் ஒற்றை அறைக் காம்பராவில் படித்தவள். தோட்டத்துப் பிள்ளைக்கு அறிவு கிடையாது என்று யாராவது நினைத்தால் எனக்குப் பொறுக்காது. என்னை வழுக்க வைத்ததும் இந்தப் பொறுக்காத குணம்தான்.

வேலை இப்படி நடந்தது. பிள்ளை பெற்ற பிறகு மனம் தளர்ந்துபோகும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் துணை நிற்கும் சிறிய அமைப்பு ஒன்று கண்டி நகரில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. தோட்டங்களுக்குப் போய்வர அவர்களிடம் அப்போது இருந்தது இரண்டு பேர் மட்டும். எங்கள் துறை அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. மாணவர்கள் லயம் லயமாகப் போய்ப் பன்னிரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி உண்டு. மொத்தப் புள்ளி ஒரு கோட்டுக்கு மேலே போனால் அந்தத் தாயை அமைப்பு வாராவாரம் வீடு தேடிப் பார்க்கும். கீழே நின்றால் பார்க்காது. இரண்டே பேரை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்று அன்று எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

கேள்வித் தாள் வெளிநாட்டில் தயாரானது. நல்ல தமிழில்தான் மொழிபெயர்த்திருந்தார்கள். “கடந்த ஏழு நாட்களில் தகுந்த காரணமில்லாமல் உங்களுக்குப் பயம் ஏற்பட்டதா?” “தகுந்த காரணமில்லாமல் அழுதீர்களா?” “தகுந்த காரணமில்லாமல் உங்கள் தூக்கம் கெட்டதா?” பன்னிரண்டில் ஐந்து கேள்விகள் இப்படித் ‘தகுந்த காரணமில்லாமல்’ என்பதோடு வந்தன. சண்டை இல்லாத ஊரில், வீடு எரியாத ஊரில் அது சரியான கேள்வியாக இருக்கலாம்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தனத்தைச் சந்தித்தேன். தனம் அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. இருபத்திரண்டு வயது, முதல் பிள்ளை, பிறந்து ஆறு வாரம். அவளுடைய புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவன். பிள்ளை பிறந்த மூன்றாம் வாரத்தில் கொழும்பில் நடந்த சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவனிடம் அடையாள அட்டை இல்லை. தோட்டத்தில் பிறந்த எத்தனையோ பேருக்கு அப்போது அட்டை கிடையாது. எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

என்னோடு அமைப்பின் இரண்டு பேரில் ஒருவரான ஃபரீனா ராத்தா வந்திருந்தார். ராத்தா என்றால் அக்கா. அக்குறணையில் வாழ்க்கைப்பட்டவர், மூன்று பிள்ளைகளின் தாய். தோட்டத்துப் பெண்கள் அவரோடு பேசும்போது குரலைத் தாழ்த்த மாட்டார்கள். என்னை ‘டீச்சர்’ என்பார்கள். அந்த அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“தகுந்த காரணமில்லாம உங்களுக்குப் பயம் வந்துச்சா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க டீச்சர்,” என்றாள் தனம். “காரணமில்லாம எதுக்குப் பயப்படணும்? அவர புடிச்சிட்டுப் போயி இருபத்திரெண்டு நாளாச்சு. அதுக்குத்தான் பயம்.”

‘இல்லை’ என்று குறித்தேன். புள்ளி பூச்சியம்.

“காரணமில்லாம அழுதீங்களா?”

“காரணம் இருந்துச்சுங்க.”

பூச்சியம்.

“காரணமில்லாம தூக்கம் கெட்டுச்சா?”

 பக்கத்துக் காம்பராவுக்காரி வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “டீச்சருக்குக் காது கேக்கலையாட்டம் இருக்கு தனம். புருஷன புடிச்சிட்டாங்கன்னு கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்,” என்றாள். வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தலையை நிமிர்த்தாமல் மூன்றாவது பூச்சியத்தையும் போட்டேன்.

கூட்டிப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஐந்தும் பூச்சியமானதால் மொத்தம் கோட்டுக்குக் கீழே நின்றது. தாளின் அடியில் ஆங்கிலத்தில் ‘இயல்பு நிலை’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அவளுடைய மடியில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைத் தட்டிக்கொடுக்கவில்லை. அதையும் நான் பார்த்தேன். தாளில் அதற்கு ஒரு கேள்வி இல்லை.

பஸ்ஸுக்கு இறங்கி வரும் வழியில் ஃபரீனா ராத்தா என்னை நிறுத்தினார். “தங்கச்சி, நீங்க கேட்டதும் சரி, அந்தப் புள்ள சொன்னதும் சரி. எழுதினது மட்டும் பிழை.”

“தாள்ல உள்ளபடிதான் ராத்தா எழுத முடியும். நாம இஷ்டத்துக்கு மாத்துனா அது ஆய்வு இல்ல.”

“அப்ப எனக்கு அந்தப் புள்ளயப் பாக்க வர ஏலாது. நம்ம ஆபீஸ்ல கோட்டுக்கு மேல உள்ள பேர மட்டும்தான் தருவாங்க. உங்களுக்குத் தெரியும்தானே?”

தெரியும். நன்றாகத் தெரியும். ஆனாலும் தள்ளி நின்று பார்க்கத் தெரிந்தவள் என்று என் தாள்கள் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. “இரண்டாவது தடவை போகும்போது பாத்துக்கலாம்,” என்றேன். ஃபரீனா ராத்தா பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் வகுப்பிலேயே ஒரு திருத்தமும் இல்லாத, ஓர் ஓரக் குறிப்பும் இல்லாத தாள்கள் என்னுடையவைதான். விரிவுரையாளர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, நான் நினைச்சதுக்கு மேல செய்திருக்கிறீர்,” என்றார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டாவது தடவை போன நாள் காலையில் பஸ் வத்தேகமையைத் தாண்டிச் சோதனைச் சாவடி ஒன்றில் நின்றது. வழமைபோல எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தோம். மண் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த மரப்பெட்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டையின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

தனம்.

அவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். “டீச்சர், இவங்களுக்கு நான் சொல்றது வெளங்கல. நீங்க சிங்களத்துல சொல்லுங்க. அவர வச்சிருக்க எடத்துல என்னையும் வைக்கச் சொல்லுங்க. புள்ளைய ஆயம்மாகிட்ட குடுத்துட்டேன். அவன் துணியெல்லாம் தொவச்சு மடிச்சுக் குடுத்துட்டேன். இனி எனக்கு வேலை ஒண்ணும் இல்ல.”

ஆயம்மா என்பது, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்க்கும் பெண். ஆறேழு வாரப் பிள்ளையின் துணிகளை எல்லாம் ஒரு தாய் மடித்து இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வருவதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அவள் திரும்பிப் போக நினைத்து வரவில்லை.

அங்கே பொறுப்பாக இருந்த சார்ஜன்ட் நடுத்தர வயதுக்காரர். இனி நடந்த பேச்சு முழுவதும் சிங்களத்தில். “இவளைத் தெரியுமா உனக்கு?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னால் அடுத்த நிமிடம் பஸ்ஸில் ஏறிவிடலாம். அந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் சோதனைச் சாவடியில் தமிழ் பேசும் ஒருத்தியை இன்னொருத்தி தெரியும் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேள்வி வரும்.

“தெரியும்.”

“இரண்டு மணித்தியாலமாக இங்கேதான் இருக்கிறாள். அட்டை இல்லை. போகச் சொன்னாலும் போக மாட்டேன் என்கிறாள். என்னைப் பிடி, என்னைப் பிடி என்று கையை நீட்டுகிறாள். இருபது வருடச் சேவையில் இப்படி ஒருத்தியை நான் கண்டதில்லை. இவள் பைத்தியமா? அல்லது எங்கள் காவலைப் பார்த்துவிட்டு வா என்று யாராவது அனுப்பினார்களா? ஒன்றைச் சொல்லு. பைத்தியம் என்றால் பொலிஸிடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். இல்லை என்றால் மேலிடத்துக்கு அனுப்புவேன்.”

இரண்டில் எதைச் சொன்னாலும் அவளும் பிள்ளையும் பிரிந்துவிடுவார்கள். நான் யோசிப்பதற்குள் என் பையைச் சோதித்த சிப்பாய் ஃபைலை அவரிடம் நீட்டினான். இரண்டாவது தடவைக்காக முதல் தாள்கள் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தேன். மற்றவர்கள் கையில் படவே கூடாத தாள்கள். சார்ஜன்ட் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தனத்தின் பெயரைக் கேட்டார், தேடி எடுத்தார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“இயல்பு நிலை. கையெழுத்து யாருடையது?”

“என்னுடையது.”

“அப்படியென்றால் பைத்தியம் இல்லை. பல்கலைக்கழகமே எழுதித் தந்திருக்கிறது. மனது நன்றாக இருக்கிற ஒருத்தி என் சாவடிக்கு எதற்கு வந்தாள்?”

நான் எழுதிய எழுத்து அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் சாவடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று எங்களையே பார்த்தார்கள். நேரம் போகிறது என்று கண்டக்டர் ஃபுட்போர்டைத் தட்டினான்.

“அந்தத் தாள் பிழை,” என்றேன்.

“அச்சடித்த தாள் பிழையா?”

“அச்சடித்ததும் பிழை, நான் எழுதியதும் பிழை. இவள் பைத்தியமும் இல்லை, வேவு பார்க்க வந்தவளும் இல்லை. ஏழு வாரத்துக்கு முதல் பிள்ளை பெற்றவள். புருஷன் இருக்கும் இடம் தெரியாது. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிற நோய் இது. எங்கள் அமைப்பில் இதற்குப் பார்ப்பார்கள். சட்டையைப் பாருங்கள், பிள்ளை இப்போது பசியில் கிடக்கிறது.”

“நோய் என்று தெரிந்த நீ ஏன் இயல்பு என்று எழுதினாய்?”

அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. துறையில் கேட்டிருக்க வேண்டும், அங்கே பாராட்டினார்கள். “கெட்டிக்காரி என்று பெயர் வாங்க எழுதினேன்,” என்றேன்.

 சார்ஜன்ட் தாளையும் பேனாவையும் நீட்டினார். “பிழை என்றால் வெட்டு. சரியானதை எழுது. பெயர், அட்டை இலக்கம், கையெழுத்து. நாளைக்கு இவள் எங்கேயாவது ஏதாவது செய்தால் உன்னைத்தான் தேடி வருவேன்.”

அவருடைய மேசையில் வைத்து ‘இயல்பு நிலை’யை வெட்டினேன். ‘உடனடியாகப் பார்க்கப்பட வேண்டியவர்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு தாளைத் திருப்பித் தந்து எங்களைப் போகவிட்டார். அவருக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்ததா, இரக்கம் வந்ததா, தொல்லை விட்டால் போதும் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

தனத்தைக் கூட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவை அடைந்தபோது ஆயம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “எங்கடி போன? இந்தப் பய கத்துன கத்துல மத்த புள்ளைங்க ஒண்ணும் ஒறங்கல. இந்த வயசுப் புள்ளைய நான் எடுக்கக் கூடாது. தோட்டத் தொரைக்குத் தெரிஞ்சா என் வேலையில்ல போகும்.” திட்டிக்கொண்டே பிள்ளையைத் தனத்தின் நெஞ்சில் வைத்து, முந்தானையால் மூடிவிட்டாள். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. தனம் அழுதாள். அன்றைக்கு நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஃபரீனா ராத்தா வந்தார். கோட்டையும் புள்ளியையும் கேட்காமல், “நான் லீவு போட்டுட்டு வாறேன், என்னைய ஆரு கேக்கிற?” என்று சொல்லிவிட்டு வந்தவர். அந்த மாதம் முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் போனார். நகரத்து வைத்தியர் மருந்து கொடுத்தார். அமைப்பிலிருந்து எங்கெங்கோ கடிதம் எழுதி, தனத்தின் புருஷன் இருந்த முகாமைக் கண்டுபிடித்தோம். அந்த முகவரி வந்த நாள்தான் அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முதல் நாள். எட்டு மாதம் கழித்து அவன் வந்துசேர்ந்தான். தனம் இப்போது கொழுந்து பறிக்கப் போகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் இன்றும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள்.

இனி எழுதப்போவதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 

நான் விரிவுரையாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தாள்களை மறுபடி பார்க்க வேண்டும், ‘காரணம் இருக்கிறது’ என்று சொன்ன எல்லாப் பெண்களிடமும் திரும்பப் போக வேண்டும் என்றேன். அவர் கதிரையில் சாய்ந்து முழுவதையும் கேட்டார்.

“நடுவில தாளை மாத்தேலாது. பாதிப் பேரிட்ட ஒரு மாதிரியும் மிச்ச ஆக்களிட்ட வேற மாதிரியும் கேட்டா அது ஆய்வே இல்லை. விளங்குதே?”

“அப்ப அந்தப் பொம்பளைங்க, மிஸ்?”

“நானும் வீடு வாசல விட்டிட்டுத்தான் வந்தனான். காரணமில்லாமல் அழுதனீரோ எண்டு என்னட்டக் கேட்டா நானும் இல்லை எண்டுதான் சொல்லுவன்.”

“அதத்தான் மிஸ் நானும் சொல்றேன்.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு தனத்தின் தாளைக் கையில் எடுத்தார். “இதை ஆமிக்காரன்ர மேசையில வைச்சு வெட்டி எழுதியிருக்கிறீர். இதை நான் சேர்க்கேலாது,” என்று சொல்லித் தனியே வைத்தார்.

என் தாள்களில் உண்மையைச் சொன்ன ஒரே தாள் அது. அதைத்தான் எடுத்துவிட்டார்கள். பொய் சொன்ன மிச்சத் தாள்கள் எல்லாம் அறிக்கையில் ஏறின. தோட்டத்துத் தாய்மாரிடம் மனச்சோர்வு குறைவாகக் காணப்படுகிறது, கடின வாழ்வுக்குப் பழகியதால் அவர்களுக்கு இயல்பாகவே மனவுறுதி உண்டு என்று அறிக்கை முடிந்தது. தமிழர் வீடுகளை எரித்த கலவர வருடத்தில் பத்து நாள் பிள்ளையான என் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தவள் என் அம்மா. அது மனவுறுதியாம். அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று அறிக்கையில் எங்கே கேட்டிருக்கிறார்கள்? நோகவில்லை என்று நாங்கள் எப்போது சொன்னோம்? நோகிறதற்குக் காரணம் இருக்கிறது என்று சொன்னோம். அதைப் பூச்சியம் என்று எழுதினார்கள். எழுதிய கை என்னுடையது. அதனால்தான் என் கோபத்தில் பாதி எனக்கே சேரும். மீதிப் பாதியை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அறிக்கையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். துறையில் தருவதாக இருந்த உதவியாளர் வேலையும் அதோடு போயிற்று. துணிக்கடை மாடியில் ஒரு மேசை கிடைத்தது. பன்விலப் பக்கத்துத் தோட்டங்கள் இப்போது என் பொறுப்பு.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெண்ணுக்கு முன்னால் தாளோடு உட்காரும்போது, அவள் சொல்வதும் தாள் கேட்பதும் பொருந்தாத ஓர் இடம் வரும். யாரும் மேற்பார்வைக்கு வர மாட்டார்கள். அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். ஆய்வு கெட்டுவிடும் என்று பயமாக இருக்கும், எனக்கும் இருந்தது. பெட்டியில் எதைக் குறித்தாலும் குறியுங்கள். அவள் சொன்ன வார்த்தையை அவள் சொன்னபடியே பக்கத்தில் எழுதுங்கள். அன்று மாலையே எங்களிடம் வந்து சொல்லுங்கள். கோடு பார்த்துத்தான் போவோம் என்று இங்கே இனி ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

போன மாதம் துறையிலிருந்து புதிய கூட்டு ஒப்பந்தம் வந்தது. அதே பன்னிரண்டு கேள்விகள், அதே கோடு. நான் அதை மேசையில் வைத்துவிட்டு, முன்பு நான் ‘இல்லை’ என்று குறித்து வைத்த பெண்களைத் தேடிப் போனேன். முப்பத்தொரு பேர். இரண்டு பேர் தோட்டத்தை விட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி உயிரோடு இல்லை. எப்படி என்று அவளுடைய மாமியார் சொன்னார், அதை நான் இங்கே எழுதவில்லை. மிச்சம் இருபத்தெட்டுப் பேரும் பேசினார்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி, அவர்கள் சம்மதித்த பிறகு பெயரையும் தோட்டத்தையும் நீக்கிப் பிரதி எடுத்தேன்.

அந்த இருபத்தெட்டுப் பக்கங்களையும், இறந்தவளுக்காக ஒரு வெற்றுப் பக்கத்தையும் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டினேன். அமைப்பில் எல்லோரும் சம்மதித்த பிறகு, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில், ‘இவற்றை வாசித்த பிறகு கேள்விகளை எங்களோடு உட்கார்ந்து எழுதுங்கள், அதுவரை உங்கள் தாளோடு எந்த மாணவரும் எங்கள் லயத்துக்கு வர முடியாது’ என்று எழுதினேன். நேற்றுக் காலை கண்டித் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.